கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே செய்ய வேண்டியது

2018 ஏப்ரல் 12, வியாழக்கிழமை, காலை எட்டேகால் மணி. ஒன்பது வருஷமாக நான் நுழைந்துகொண்டிருந்த பனியன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார். "உன்னைய உள்ளே விட வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க அம்மிணி. எனக்கு வேறொண்ணும் தெரியாது" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குப்போசியில் எலுமிச்சை சாதம் இன்னும் சூடாக இருந்தது.

திருப்பூரில் வேலை போவது பெரும்பாலும் இப்படித்தான். மெமோ வராது, உத்தரவு வராது. கேட்டில் ஒரு கை நீளும், அவ்வளவுதான். நாமும் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவோம். இரண்டு வாரம் கழித்து யாரோ சொல்லி லேபர் ஆபீசுக்குப் போனால், "அந்தப் பெண்ணை நாங்கள் நிறுத்தவே இல்லை, தானாகவே வராமல் நின்றுவிட்டது" என்று கம்பெனி எழுத்தில் பதில் கொடுத்திருக்கும். நிறுத்தினார்கள் என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வாட்ச்மேன் அண்ணனும் வந்து சாட்சி சொல்ல மாட்டார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

நான் தப்பித்ததற்குக் காரணம், எங்கள் லைன் வீட்டில் குடியிருந்த சங்கத்து அண்ணன் ஒருவர். அன்று காலை பத்தரை மணிக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "எதிலாவது கையெழுத்துப் போட்டியா?" என்பதுதான். போடவில்லை என்றேன். "அப்படின்னா வேலை இன்னும் போகலை. உட்கார்ந்து எழுது" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது. எட்டு வருஷத்தில் இதே கடிதத்தை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தேதியையும் விவரத்தையும் மட்டும் மாற்றுங்கள்.

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் 2009 ஜூன் முதல் செக்கிங் பிரிவில் வேலை செய்து வருகிறேன். இன்று 12.04.2018 காலை 8.15 மணிக்கு வழக்கம்போல வேலைக்கு வந்தேன். கேட்டில் பணியில் இருந்த வாட்ச்மேன், என்னை உள்ளே விட வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருப்பதாகக் கூறித் தடுத்துவிட்டார். எனக்கு மெமோவோ வேலை நீக்க உத்தரவோ எதுவும் தரப்படவில்லை. நான் வேலையை விட்டு விலகவில்லை, விலகும் எண்ணமும் இல்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். உடனே வேலை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவு போதும். சூப்பர்வைசர் திட்டியது, நமக்கு இருக்கும் கடன், பிள்ளைகளின் படிப்பு எதுவும் இதில் வேண்டாம். அதையெல்லாம் பிறகு சொல்ல இடம் வரும். இந்தக் கடிதத்துக்கு வேலை ஒன்றுதான்: "தானாக நின்றுவிட்டாள்" என்று யாரும் சொல்ல முடியாமல் செய்வது. "விலகவில்லை", "வேலை செய்யத் தயார்" என்ற இரண்டு வார்த்தையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எழுதியதை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். மூலத்தை அன்றைக்கே தபாலில் அனுப்புங்கள். அப்போது நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன், 2025இல் அதை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். எதுவானாலும் சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கவுண்டரில் சொல்லி வாங்குங்கள். ஒரு நகலை லேபர் ஆபீசுக்கும் அனுப்புங்கள். தபால் ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும், வீட்டுக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனி கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத கவர்தான் சாட்சி.

அப்புறம் நான் செய்த இன்னொரு காரியம். அடுத்த பத்து நாளும், ஞாயிறு தவிர, காலை எட்டு மணிக்கு அதே கேட்டுக்குப் போனேன். பேசவில்லை, சண்டை போடவில்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டு, கேட் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். மூன்றாம் நாளே வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஆனாலும் போனேன். "ஏன் வேலைக்கு வரவில்லை?" என்று கம்பெனி வக்கீல் கேட்டபோது, அந்தப் படங்களைத்தான் தேதி வரிசையில் மேஜை மேல் வைத்தோம்.

என்னை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்பது எல்லோருக்கும் பழகிய வார்த்தை. எட்டு மணி நேரம் முடிந்த பிறகு இன்னொரு நாலு மணி நேரம் நின்றால் அரை ஷிப்ட் சம்பளம் சேரும். சட்டப்படி அந்த நாலு மணி நேரம் ஓவர்டைம், அதற்கு இரட்டிப்புச் சம்பளம். அதாவது அரை ஷிப்ட் நின்றால் ஒரு முழு ஷிப்ட் கூலி சேர வேண்டும். இதை நான் ஒரு சனிக்கிழமை, சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அடுத்த புதன்கிழமை சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். "படிச்சுட்டுப் போடறேன் சார்" என்றேன். "படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மேனேஜர். நான் போடவில்லை. மறுநாள் கேட்டில் கை நீண்டது.

என் பக்கத்து டேபிள் தங்கச்சி இன்னொரு நாள் அதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன், எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று அதில் இருந்ததாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டிய வாரம், நாலாயிரம் ரூபாயைக் காட்டினார்கள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது இப்படிப் போட்டிருந்தால், எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாளே, "மிரட்டி வாங்கிய கையெழுத்து, நான் விலகவில்லை" என்று எழுதித் தபாலில் அனுப்புங்கள். ஒரு நாளில் எழுதியதற்கு இருக்கும் மதிப்பு ஒரு மாதம் கழித்து எழுதியதற்கு இருக்காது. வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்துக்கும் இதேதான்.

சரி, கடிதம் போய்விட்டது. அடுத்து எங்கே போவது?

வேலை நீக்கம் என்றால் சமரசம் பார்க்கும் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும். எல்லோரும் லேபர் ஆபீஸ் என்றே சொல்வோம். வக்கீல் தேவையில்லை, கோர்ட் பீஸ் இல்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். ஒரு ஆளுடைய வேலை நீக்கமே தொழில் தகராறுதான், சங்கத்தில் இல்லாதவரும் தனியாக மனு போடலாம். மனுவில் எப்போது சேர்ந்தேன், என்ன வேலை, என்ன சம்பளம், என்றைக்கு எப்படி நிறுத்தினார்கள், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். கடைசி வரி முக்கியம். "பணித் தொடர்ச்சியுடனும் பின் சம்பளத்துடனும் மீண்டும் வேலை வழங்க வேண்டும்" என்று கேளுங்கள். பணித் தொடர்ச்சி என்றால் பழைய வருஷங்களும் விடுபடாமல் கணக்கில் சேர்வது, பின் சம்பளம் என்றால் நிறுத்தி வைத்த நாட்களுக்கான சம்பளம். பணமாக மட்டும் வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தாலும் முதலில் இப்படித்தான் கேட்க வேண்டும்.

இரண்டு தரப்பையும் அழைத்துப் பேச்சுவார்த்தை நடத்துவார்கள். முதல் இரண்டு அமர்வுக்குக் கம்பெனி வராது, அதில் மனம் உடைய வேண்டாம். நீங்கள் ஒவ்வொரு தேதிக்கும் போய் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு நேராகப் போக உங்களுக்கு உரிமை உண்டு. அரசு அனுப்பி வைக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். என் காலத்தில் இருந்தது 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம். வேலை நீக்கத்தை எதிர்த்துப் போக மூன்று வருஷம் அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதில் தொழில் உறவுகள் தொகுப்பின்படி அவகாசம் இரண்டு வருஷம்தான். "மூணு வருஷம் இருக்குக்கா" என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு நல்ல விஷயமும் உண்டு: எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமன உத்தரவு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. உங்களுக்குத் தரவில்லை என்றால் வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

சூப்பர்வைசர்கள் கவனிக்க: மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினால் இந்தச் சட்டத்தில் நீங்கள் தொழிலாளி கிடையாது. ஆனால் பட்டம் முக்கியமில்லை, செய்யும் வேலைதான் முக்கியம். "லைன் சூப்பர்வைசர்" என்று ஐடி கார்டில் போட்டுவிட்டு நாள் முழுக்க மெஷினில் உட்கார வைத்திருந்தால், அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜவுளிக் கடை, மளிகைக் கடை, அலுவலகம் என்று இருப்பவர்களுக்கு 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. மேல்முறையீட்டுக்கு உத்தரவு கிடைத்து 30 நாள்தான். மிகவும் குறுகிய அவகாசம் இது. நின்றபடியே வேலை பார்க்கும் கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சேர்த்ததும் இதே சட்டத்தில்தான். அதைக் கேட்டதற்காக யாரையாவது நிறுத்தினால் அது தகுந்த காரணம் ஆகாது.

எதிர்த் தரப்பு சொல்லும் இன்னொரு பொய், "இந்த ஆள் எங்கள் கம்பெனியே இல்லை, காண்ட்ராக்ட்" என்பது. அதனால் வேலையில் இருக்கும்போதே சான்று சேர்க்க வேண்டும். என்னிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அட்டைப்பெட்டி நிறைய சனிக்கிழமைச் சம்பளக் கவர்கள் இருந்தன. காக்கி நிறத்தில், மேலே நீல மையில் என் பெயர், ஷிப்ட் எண்ணிக்கை, அட்வான்ஸ் பிடித்தம், மொத்தம். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து, எழுத்தின் சாய்வுகூட ஒரே மாதிரி. பணத்தை எடுத்ததும் எல்லோரும் கவரைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் அதன் பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதுவேன், அதனால் சேர்ந்திருந்தது. அந்தக் கவர்கள்தான் நான் ஒன்பது வருஷம் வேலை செய்ததைக் காட்டின.

இப்போது சம்பளம் வங்கிக்கு வருகிறது, பாஸ்புக் போதும். இஎஸ்ஐ எண், பிஎப் கணக்கின் யுஏஎன் பாஸ்புக், ஐடி கார்டு, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் போட்ட செய்தி, ஆயுத பூஜையன்று மெஷின் முன்னால் எடுத்த குரூப் போட்டோ எல்லாமே சான்றுதான். வாட்ஸ்அப் செய்தியைப் படம் பிடித்தால் மட்டும் போதாது, அந்தப் போனையும் மாற்றாமல் பத்திரமாக வைத்திருங்கள். பிஎப் கணக்கை வருஷத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அது தனிப் புகார்.

வருஷக்கணக்கில் "டெம்பரரி" என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் 1981இல் வந்த சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நாள் கணக்கைக் காட்டத்தான் மேலே சொன்ன சான்றெல்லாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், மனு எழுத உதவுங்கள்.

மெமோ கொடுத்தால் வாங்க மறுக்காதீர்கள். பயத்தில் நிறையப் பேர் மறுத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். வாங்கி, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போடுங்கள். "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. இங்கிலீஷில் இருந்தால் தமிழில் கேளுங்கள். பதில் எழுத அவகாசமும், அவர்கள் காட்டும் ஆவணங்களின் நகலும் எழுத்தில் கேளுங்கள். விசாரணை என்று தேதி போட்டால் கட்டாயம் போங்கள், போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடித்துவிடுவார்கள். கம்பெனிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. சொன்னது ஒன்று எழுதியது ஒன்று என்று இருந்தால், அங்கேயே "இது நான் சொன்னதல்ல" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். விசாரணைக்காகச் சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் உண்டு: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் இழுத்தால் முக்கால் பங்காவது.

பாலியல் தொல்லை என்றால் வழி வேறு. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலெல்லாம் 2013ஆம் வருஷச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். குழு இல்லையென்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம், கலெக்டர் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். விசாரணை நடக்கும்போது அவனையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போவதைச் சட்டமே ஏற்கவில்லை. உங்கள் பெயரை வெளியே விடக் கூடாது என்பதும் சட்டம். இந்த விஷயத்தில் தனியாகப் போகாதீர்கள். 181 எண்ணுக்குப் போன் செய்தால் பெண்கள் உதவி மையத்தில் பேசலாம்.

கர்ப்பமாக இருப்பதைச் சொன்னதும் நிறுத்துவது இன்னொரு வழக்கம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இஎஸ்ஐயில் இருந்தால் அந்தப் பணத்தை இஎஸ்ஐயே கொடுக்கும். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

இனி பணக் கணக்கு. வேலையை விட்டு நீக்கினாலும் நீங்களாக நின்றாலும், நிலுவைச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கொடுக்காத சம்பளம், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் மூன்று வருஷம் வரை பின்னால் போய்க் கேட்கலாம், பாக்கியோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் போட அதிகாரம் இருக்கிறது. ஐந்து வருஷம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண் ஒன்பது வருஷம் வேலை செய்திருந்தால் 12,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுங்கள், 6,923 வரும். அதை ஒன்பதால் பெருக்கினால் 62,307 ரூபாய். நான் சேர்ந்து எட்டு வருஷம் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு முழு வருஷமாகக் கணக்கு. ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பினால், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீசும், வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளமும் சேரும். இது கிராஜுவிட்டியோடு சேராது, தனி. "இருபதாயிரம் தர்றோம், எல்லாக் கணக்கும் தீர்ந்துச்சுன்னு எழுதிக் குடு" என்று யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

என் மனு ஐந்தாவது அமர்வில் முடிந்தது. ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வீட்டில் நூல் பிசிறு வெட்டும் வேலை வாங்கிச் செய்துதான் சாப்பிட்டோம். இடையில் கம்பெனி மூன்று முறை ஆள் விட்டுப் பேசியது. கடைசியில் 12(3) ஒப்பந்தம், அதாவது லேபர் ஆபீஸ் சமரசத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் போட்டோம்: பணித் தொடர்ச்சியுடன் வேலை, பின் சம்பளத்தில் பாதி, 26,600 ரூபாய். முழுதாகக் கிடைத்திருக்க வேண்டியது. தீர்ப்பாயம் போயிருந்தால் கிடைத்திருக்கலாம், ஆனால் எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது. உங்கள் நிலைமைக்கு எது சரி என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், சங்கத்துக்காரரோ வக்கீலோ அல்ல.

வக்கீல் வேண்டும் என்ற கட்டம் வந்தால் கடன் வாங்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தேடி வருகிறவர்களிடம் நான் சொல்லி வைத்திருப்பது இதுதான்: ஆதார், வங்கி பாஸ்புக், இஎஸ்ஐ கார்டு, ஐடி கார்டு, கம்பெனி கொடுத்த எந்தத் தாளாக இருந்தாலும் அது, நாலு வெள்ளைத் தாள், ஒரு நீல மைப் பேனா. புருஷனையோ அண்ணனையோ கூட்டி வந்தாலும் சரி, ஆனால் நடந்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கேட்டில் நிறுத்தியது வெள்ளிக்கிழமை என்றால் ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கடிதத்தை அன்றைக்கே எழுதி, போஸ்ட் ஆபீஸ் மூடுவதற்கு முன்னால் அனுப்பிவிட்டு, ரசீதோடு வாருங்கள்.